ரெண்டாவது துணி

பயிற்சியில் நஞ்சம்மாளுக்குப் பிடித்தது பொம்மை ஒன்றுதான். மலையடிவாரத்து சுகாதார நிலையத்தில் சுற்றுவட்டாரத்து மருத்துவச்சிகளையெல்லாம் கூட்டி உட்காரவைத்து, டீயும் பன்னும் கொடுத்து, நர்ஸ் சகாயமேரி சுவரில் படம் காட்டிப் பேசுவாள். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே தூங்கி வழிவார்கள். நஞ்சம்மாளின் கண் மட்டும் மேசைமேல் மல்லாந்து கிடக்கும் ரப்பர் குழந்தையை விட்டு நகராது. பெண்கள் அதற்கு ரப்பர் ராசா என்று பேர் வைத்திருந்தார்கள். ராசாவைத் துடைக்க வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும், வாயில் அடைத்திருப்பதை எடுக்க வேண்டும். அப்படியும் மூச்சு வராவிட்டால் மூக்கும் வாயும் சேர்த்து மூடும்படி மூடியை வைத்து, காற்றுப் பையை அமுக்கி ஊத வேண்டும். சரியாக ஊதினால் ராசாவின் நெஞ்சு எழும்பும். அது எழும்பும் ஒவ்வொரு தடவையும் நஞ்சம்மாள் இன்னொரு தடவை ஊதிப் பார்ப்பாள்.

காரணம் இருந்தது. போன தை மாதம் ஒரு குழந்தை அவள் கையில் அழாமலேயே போய்விட்டது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், காதில் கத்தினாள், மூஞ்சியில் தண்ணீர் தெளித்தாள். அத்தனை வருஷமாக அப்படித்தான் செய்துவந்தாள், அத்தனை வருஷமாகக் குழந்தைகளும் எப்படியோ அழுதுவிட்டன. அது அழவில்லை. ஊர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாமி எடுத்துக்கிச்சு என்று சொல்லிவிட்டு அவரவர் காட்டுக்குப் போய்விட்டது. அவளால்தான் விட முடியவில்லை. பயிற்சிக்குக் கூப்பிட்டபோது மலையில் முதல் ஆளாகக் கிளம்பியது அதனால்தான். இனி ஒரு குழந்தை தன் கையில் அழாமல் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்று.

தாய்க்கு உண்டான பாடத்தையும் சகாயமேரி விடாமல் சொல்லித்தான் அனுப்புவாள்.

"நேரத்தோட கீழ கூட்டியாந்துடுங்க, வூட்ல யாரும் பிரசவம் பாக்க வேணாம். தப்பித்தவறி வூட்லயே பொறந்துட்டா, அடியில வெக்கிற துணிய மட்டும் பாத்துக்கிட்டே இருங்க. ஒரு துணி நனையறது வழக்கம். ரெண்டாவது துணியும் முழுசா நனஞ்சிட்டா உக்காராதீங்க. யாரையும் கேக்காதீங்க. தூக்குங்க. நனஞ்ச துணிய எறியாம கூடவே கொண்டாங்க, எவ்வளவு போயிருக்குதுன்னு நாங்க பாக்கணும். எங்க சொல்லுங்க, எந்தத் துணி?"

"ரெண்டாவது துணி" என்று பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ராகம் போட்டுச் சொன்னார்கள். நஞ்சம்மாளும் சொன்னாள். சொல்லும்போது அவள் கை ராசாவின் நெஞ்சின் மேல் இருந்தது.

அவள் ஊர் மேல்கொண்டக்காடு. சித்தேரிப் பக்கத்து மலையில், தார் ரோடு முடிந்து ஒற்றையடிப் பாதையும் முடியப் போகிற இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ரோடு பேச்சாக மேலே ஏறி வரும், ஓட்டு போட்ட மறுநாள் வந்த வழியே இறங்கிவிடும். செல்போன் பேச வேண்டுமென்றால் ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நிற்க வேண்டும். அந்த ஊரில்தான் குள்ளம்மாளின் மருமகள் பூவிழி இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். மூத்தது பெண், பூவிழியின் அம்மா வீட்டில் இருந்தாள். அடுத்த வாரம் பூவிழியைக் கீழே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. நஞ்சம்மாள்தான் பேசி முடித்திருந்தாள்.

வலி அடுத்த வாரம் வரை காத்திருக்கவில்லை. காலையில் சாமைக் கதிர் அறுக்கப் போகிறவர்கள் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பூவிழி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நஞ்சம்மாள் பயிற்சியில் கொடுத்த சாமான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பார்த்தபோது தலை தெரிந்துகொண்டிருந்தது. இனி எங்கே தூக்குவது, பாதையிலா பிறக்கும்?

"அத்த, பயமா இருக்குது" என்றாள் பூவிழி.

"நான் இருக்கறேன்ல, நீ முக்கு தாயி" என்றாள் நஞ்சம்மாள்.

பிள்ளை வந்தது. ஆண் பிள்ளை. தொப்புள்கொடி கழுத்தில் ஒரு சுற்று சுற்றி, உடம்பெல்லாம் நாவல்பழ நிறத்தில், துணி மாதிரி தொங்கியது. அழவில்லை.

 நஞ்சம்மாளின் கை கலங்கவில்லை. கொடியைக் கழுத்திலிருந்து எடுத்துக் கட்டி அறுத்தாள், துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். தலைகீழாகப் பிடிக்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. மூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினாள். நெஞ்சு எழும்பியது. "அழுடா, அழுடா சாமி" என்று அவள் சொல்லச் சொல்ல, பின்னால் நஞ்சுக்கொடி விழுந்ததும், குள்ளம்மாள் அதை எடுத்துப் போனதும், வந்ததும், மறுபடி போனதும் காதில்தான் விழுந்தன. கண் அந்தச் சின்ன நெஞ்சை விட்டு அசையவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று பயம். கடைசியில் பிள்ளை ஒரு தும்மல் போட்டது. பிறகு வீடே அதிர அழுதது. நஞ்சம்மாளும் அழுதாள். போன தை மாதத்துப் பிள்ளையே திரும்பி வந்து தன் கையில் அழுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

பிள்ளையைச் சுற்றித் தாயின் மார்பில் போட்டுவிட்டு, பாடத்தை மறக்காமல் துணியைத் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில்தான் நனைந்திருந்தது.

"மொதத் துணிதானே அக்கா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ புள்ளயப் பாரு" என்றாள் குள்ளம்மாள்.

நஞ்சம்மாள் மறுபடி பிள்ளையிடம் போனாள். அது மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும், சூடு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பால் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு தடவை துணியைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதும் பாதிதான் நனைந்திருந்தது. நல்லது என்று நினைத்தாள். நல்லது என்று நினைத்ததை எண்ணி எண்ணிப் பிற்பாடு அவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

அந்த மலையில் பிரசவத் துணிக்கு ஒரு கட்டு உண்டு. நனைந்த துணியை உடனே எடுத்து வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட வேண்டும். நாய் முகரக் கூடாது, காக்கை பார்க்கக் கூடாது, வேறு பெண்பிள்ளையின் கண் படவே கூடாது. பட்டால் தாய்க்குப் பால் வற்றிவிடும். அது மாமியாரின் வேலை. மருத்துவச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நஞ்சம்மாள் பிறந்ததிலிருந்து இதைத்தான் பார்த்து வந்தாள், அவளே மாமியாராக இருந்து புதைத்தும் இருக்கிறாள். பயிற்சிக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஆனால் அதைப் போய் நர்ஸிடம் யார் சொல்வார்கள்? அதுவும் படம் போட்ட சுவருக்கு முன்னால்? கீழே படித்த பாடமும் மேலே உள்ள வழக்கமும் ஒரே தலைக்குள் இருந்தன, ஒன்றை ஒன்று சந்தித்ததே இல்லை.

"அத்த, தண்ணி குடுங்க" என்றாள் பூவிழி. கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள். கொட்டாவி விட்டாள். பிறகு, "எதுக்கு இருட்டா வெச்சிருக்கீங்க, லைட்டப் போடுங்க" என்றாள்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கதவு வழியாக அவள் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.

நஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்தாள். ஆற்றுக்கல் மாதிரி சில்லென்று இருந்தது. வயிற்றைத் தொட்டாள். பிள்ளை பிறந்த பிறகு தேங்காய் மாதிரி இறுகியிருக்க வேண்டிய கருப்பை, பிசைந்த மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தது. துணியைத் தூக்கினாள். பாதி நனைந்த, புத்தம்புதிய துணி. பூவிழியின் புருஷன் மாதேஸின் வேட்டி. முதலில் வைத்தது பச்சைச் சேலைக் கிழிசல் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"அக்கா, எத்தன துணி மாத்துனீங்க?"

குள்ளம்மாள் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எத்தனன்னு கேக்கறேன்!"

"எண்ணக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? தீட்டு ரத்தம் போனாத்தான் ஒடம்பு சுத்தமாவும். வாய வெக்காத நஞ்சா."

நஞ்சம்மாள் எழுந்து வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். பலாமரத்தடியில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். முதலில் ஒரு தலையணை உறை வந்தது. அதற்குக் கீழே கிழிந்த பாவாடை. அதற்குக் கீழே துண்டு. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது, மண்ணும் ரத்தமும் அப்பி, ஒவ்வொன்றும் பிழியலாம் போல கனத்தது. கடைசியில் பச்சைச் சேலை வந்தது. "பாவி, கண்ணு படுதுடி! பால் வத்திடும்டி!" என்று குள்ளம்மாள் பின்னால் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நஞ்சம்மாள் ஏழு துணிகளையும் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டாள். பால் குடிக்கப் பிள்ளை இருந்தது. பால் கொடுக்கத் தாய் இருப்பாளா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"தூக்குங்க!" என்று அவள் கத்தியது காடு வரைக்கும் கேட்டது.

மாதேஸ் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். ஊர்க்கவுண்டர் முனியப்பன் பாறைக்கு ஏறி ஆம்புலன்சுக்கும் சகாயமேரிக்கும் போன் போட்டார். கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி, அதில் பூவிழியைக் கிடத்தி நான்கு பேர் தோளில் ஏற்றினார்கள். குள்ளம்மாள் பிள்ளையை மடியோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். நஞ்சம்மாள் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டாள். பாதையோரத்துச் சாமிக்கு எதிரில் அதைத் தூக்கிப் போகலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நஞ்சம்மாள் அவர்களைக் கடித்தே இருப்பாள்.

இறக்கத்தில்தான் நரகம் இருந்தது. கருப்பையைப் பிசைந்துகொண்டே இருந்தால் அது இறுகும், ரத்தம் குறையும் என்று சகாயமேரி சொல்லிக் கொடுத்திருந்தாள். கையை எடுத்தால் மறுபடி இளகிவிடும். ஆனால் பாதை ஒரு ஆள் நடக்கிற அகலம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சரிவு. தூளியோடு கூட நடந்து வயிற்றில் கை வைக்க இடம் இல்லை. கை வைக்க வேண்டுமென்றால் தூளியை இறக்க வேண்டும். இறக்கினால் நேரம் போகும். இறக்காவிட்டால் ரத்தம் போகும்.

"நிறுத்துங்க!" என்பாள். இறக்குவார்கள். அவள் கம்பளிக்குள் கையை விட்டுத் தன் பலமெல்லாம் சேர்த்துப் பிசைவாள். இறுகும். "தூக்குங்க, ஓடுங்க!" என்பாள். ஓடுவார்கள். அடுத்த திருப்பத்துக்குள் கம்பளியின் அடியிலிருந்து சொட்ட ஆரம்பிக்கும். பின்னால் ஓடும் நஞ்சம்மாளின் காலில் அது படும்.

"அத்த, நிறுத்தி நிறுத்திப் போனா எப்பப் போய்ச் சேர்றது?" என்று மாதேஸ் அழுதான். "போயிடலாம், ஒரே மூச்சா போயிடலாம்!"

"போனா வெறும் ஒடம்புதான்டா போய்ச் சேரும்!"

அவள் சொன்னது சரியா, அவன் சொன்னது சரியா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டில் ஒன்றை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. நிறுத்து என்றாலும் கொல்கிற மாதிரி இருந்தது, ஓடு என்றாலும் கொல்கிற மாதிரி இருந்தது. கொடுமையிலும் கொடுமை, பூவிழி நடுவில் கண்ணைத் திறந்து, "பையன் அழுதானா அத்த?" என்று கேட்டாள்.

"அழுதான் தாயி. வூடே இடிஞ்சு போற மாதிரி அழுதான்."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

தார் ரோடு தொடங்கும் இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. சகாயமேரி ஸ்கூட்டரை மரத்தடியில் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பூவிழியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஊசி ஏற்ற நரம்பைத் தேடினார்கள், நரம்பு கிடைக்கவே இல்லை. கிடைத்தபோது சகாயமேரி போனைக் காதில் வைத்துக்கொண்டு, எவ்வளவு ரத்தம் தயாராக வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

"நஞ்சக்கா, எத்தன துணி? ரெண்டாவது துணியிலயே தூக்கச் சொன்னேனே!"

"ரெண்டாவது துணிய நான் பாக்கவே இல்லீங்க சிஸ்டர்" என்றாள் நஞ்சம்மாள். "எப்பப் பாத்தாலும் மொதத் துணிதாங்க இருந்துச்சு. எங்க பக்கம் எல்லா வூட்லயும் அப்படித்தாங்க. நனஞ்சதும் பொதைச்சிடுவாங்க."

சகாயமேரி அவளையே பார்த்தாள். எத்தனை வருஷமாக, எத்தனை கூட்டத்துக்கு அந்தப் பாடத்தைச் சொல்லியிருப்பாள். அந்த மலையில் எந்த மருத்துவச்சியும் ரெண்டாவது துணியைக் கண்ணால் கண்டதே இல்லை. ஒருத்தி சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

நஞ்சம்மாள் சாக்கை அவிழ்த்து ரோட்டில் கொட்டினாள். "ஏழுங்க. தோண்டி எடுத்தாந்தேன்."

"ஒம்போது" என்றாள் குள்ளம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் துணிகளைப் பார்க்கவே இல்லை. பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பலா மரத்துக்கிட்ட குழி நெறஞ்சிடுச்சு. ரெண்ட வாழயடியில வெச்சேன்."

"எண்ணக் கூடாதுன்னு சொன்னீங்களே அக்கா!"

"சொல்லக் கூடாதுன்னுதான்டி கட்டு. எண்ணாம எப்படி இருக்க முடியும்? என் வூட்டுப் புள்ளயாச்சே. நாலாவதுலயே இது வழக்கமில்லன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. வாயத் தொறந்தா அவளுக்கு எதாவது ஆயிடுமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

நஞ்சம்மாளுக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யத் தெம்பில்லை. சகாயமேரி பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறினாள், மாதேஸும் ஏறினான், வண்டி போனது. தூக்கி வந்தவர்கள் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரம் அப்படியே சாய்ந்தார்கள். அவர்கள் தோளில் தோல் உரிந்திருந்தது. இரண்டு பெண்களும் துணிகளை மறுபடி அள்ளிப் போட்ட சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெயில் சாய்வதற்குள், பின்னாலேயே இறங்கி வந்திருந்த முனியப்பனின் போன் அடித்தது. அவர் எடுத்துக் கேட்டார், "சரிங்க" என்றார், தலைத்துண்டை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டார்.  பூவிழி ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போய்ச் சேரவில்லை. பிள்ளை நன்றாக இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், மூச்சு சீராக இருக்கிறது என்று சொன்னார்களாம்.

குள்ளம்மாள் அழவில்லை. எழுந்து சாக்கைக் கையில் எடுத்தாள். மறுபடி கொண்டுபோய்ப் புதைக்கப் போகிறாள் என்றுதான் நஞ்சம்மாள் நினைத்தாள். தடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் பூவிழியை அதே தூளியில் மேலே கொண்டுவந்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்ததும் தூக்கி வந்தவர்களின் கால் தானாக நின்றுவிட்டது. வாசலில், ஊரே பார்க்கும்படி, வேப்பமரத்துக்கும் பந்தல்காலுக்கும் நடுவே கொடி கட்டியிருந்தது. அதில் பச்சைச் சேலை, தலையணை உறை, பாவாடை, துண்டு என்று வரிசையாகத் தொங்கின. வாழையடியிலிருந்து எடுத்த இரண்டும் கடைசியில் தொங்கின. ஓடையில் எவ்வளவு துவைத்தும் கறை போகவில்லை. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருத்தியும் கிட்டே போகவில்லை, எடுக்கவும் இல்லை. தூளியைத் திண்ணையில் இறக்கினார்கள், குள்ளம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

கூட்டத்தில் காவியா நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், அவளுக்கும் நிறைமாதம். அவள் கொடியைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள், நஞ்சம்மாளின் கையை வந்து பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இங்க வேணாங்க அத்த. கீழ கூட்டிட்டுப் போயிடுங்க. இப்பவே போயிடலாங்க."

"அவசரப்படாத காவியா" என்றார் முனியப்பன் மெதுவாக. "ஊருக்குள்ள பொணம் கெடக்குது. எடுக்கற வரைக்கும் யாரும் எல்ல தாண்டக் கூடாது. அதுவும் புள்ளத்தாச்சி. நாளைக்குப் போவட்டும்."

நஞ்சம்மாளுக்கும் அந்தக் கட்டு தெரியும்.  ஒரு பிள்ளையை மூச்சு விடவைத்த கை, ஒரு தாயை விட்டுவிட்ட கை. எந்த முகத்தோடு அவள் ஊருக்குச் சட்டம் சொல்வாள்?

"நாளைக்கு எதுக்குங்க?" என்றாள் குள்ளம்மாள். பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். "என் வூட்டுப் பொணந்தானே? நான் சொல்றேன். கெளம்பு காவியா. நஞ்சா, அவளக் கூட்டிட்டுப் போ. எதாவது ஆனா அந்தத் தோஷம் எனக்கு வரட்டும்."

 முனியப்பன் வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

பாதைக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கொடியைத் தாண்டித்தான் போக வேண்டும். நஞ்சம்மாள் காவியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். காவியா முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள்.

"பாத்துட்டுப் போ தாயி. கண்ணு பட்டா ஒண்ணும் ஆவாது" என்றாள் குள்ளம்மாள்.

அவள் கொடியின் முனைக்குப் போய் நின்று, முதல் துணியைத் தொட்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒன்று என்றாள். அடுத்ததைத் தொட்டு இரண்டு என்றாள். காவியா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள். ஒன்பது வரைக்கும் வாய்விட்டு எண்ணி முடித்த பிறகுதான், குள்ளம்மாள் போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.